படிக்க இயலாத எழுத்து

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், கோட்டைப் பகுதியிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில், 2022 டிசம்பரில் ஓர் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் என அங்குள்ள ஓலைகளின் எழுத்து பலவகை. நம்மில் பெரும்பாலோர்க்கு வட்டெழுத்து படிக்க வராது. ஆயினும் அது எழுத்துதான் என்பதைக் கண் உடனே அறிகிறது: வரியின் ஒழுங்கும் இடைவெளியும் எழுத்தாணி பிடித்த கையின் பழக்கமும் அதைச் சொல்லிவிடுகின்றன. பொருள் ஓலையில் இருக்கிறது. அதை எட்டும் பயிற்சி நம்மிடம் இல்லை.

இதே நகரின் மியூசியம் வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கர் பெயரில் ஓர் ஓவியக் கூடம் உண்டு. அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களின் முன் நின்றால் முதலில் எழுவது இதே உணர்வு. மலையாள எழுத்தின் சாயல் கொண்ட நுண்ணிய வரிகள், ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், கணிதக் குறிகள், இடையிடையே மீன், பறவை, பாம்பு. படிக்க முயல்கிறோம், இயலவில்லை. இங்கே குறை நம் பயிற்சியில் இல்லை. எந்தப் புலவரும் படிக்க முடியாதபடியே அவை எழுதப்பட்டுள்ளன.

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1957 முதல் 1967 வரை சென்னை அரசு ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். மனித உருவங்களையும் நிலக்காட்சிகளையும் நெடுங்காலம் தீட்டிய கை அது. 1963-இல் ஒரு மாணவனின் கணிதப் பயிற்சி ஏட்டில் எண்களும் எழுத்துகளும் வடிவங்களும் நெருங்கி நின்ற பக்கமே அவரைத் திருப்பியது. கணக்கை அவர் கணக்காகப் பார்க்கவில்லை. பக்கம் முழுவதையும் ஒரு காட்சியாகப் பார்த்தார்.

இதை அரூப ஓவியம் எனலாமா? காண்டின்ஸ்கி போன்ற ஐரோப்பியர் ஓவியத்திலிருந்து பொருள்களின் உருவத்தை நீக்கினர். பணிக்கர் உருவத்தை நீக்கவில்லை. மீன் மீனாகவே இருக்கிறது. அவர் நீக்கியது எழுத்தின் வாசிப்பை. ஒலியும் சொற்பொருளும் போனபின், கோட்டின் வளைவும் அழுத்தமும் அடர்த்தியும் எஞ்சுகின்றன. ஓவியத்தையும் 'எழுதுதல்' என்றே குறித்த தமிழ் வழக்கை அறிந்தவர்க்கு இது அயலாகத் தோன்றாது.

அப்படியானால் இது வெறும் அலங்காரமோ என்ற ஐயம் எழும். எல்லா ஓவியங்களும் ஒரே வலிமை உடையன அல்ல. குறிகள் மிக நெருங்கும் சிலவற்றில் அலங்காரம் மேலோங்கத்தான் செய்கிறது. சிறந்தவற்றின் நிலை வேறு. ஜாதகக் கட்டத்தைக் கணிக்கத் தெரியாதவர்க்கும் அதைக் கண்டதும் ஓர் எதிர்பார்ப்பும் சிறு அச்சமும் உண்டாகின்றன. பஞ்சாங்கத்தோடு வளர்ந்த நம் சமூகத்தில் அந்தக் கட்டம் அறிவைத் தொடுமுன் மனத்தைத் தொட்டுவிடுகிறது. பணிக்கர் கணிப்பை எடுத்துவிட்டு அந்த மனநிலையைத் துணியில் நிறுத்தினார். அவருடைய அரூபத்தின் உயிர் இதுவே என்பேன். வெளியிலிருந்து கற்ற ஓர் உத்தியால் மட்டும் இது கைகூடியிருக்காது.

ஆகவே வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். முதலில் கோட்டைக்குள் ஓலைகளைப் பாருங்கள். பின்னர் கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறி மியூசியம் நிறுத்தத்தில் இறங்கி, பணிக்கர் கூடத்துக்குச் செல்லுங்கள். ஓவியத்தின் பெயர்ப்பலகையைக் கடைசியில் படியுங்கள்.