பாசியும் நிழலும்

மும்பையில் மழை விடைபெற்றதும் அக்டோபர் வெயில் சுள்ளென்று வந்துவிடும். செம்பூரில் இன்னும் இடிபடாமல் மிஞ்சியிருக்கும் பழைய தனி வீடுகளின் பின்பக்கத்தில் சின்னச் சின்ன சிமென்ட் குளங்கள் உண்டு. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில், துளசி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்தொட்டி வைத்து அல்லி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நாலு மாத மழையில் நிரம்பி வழிந்து கலங்கிக் கிடந்த தண்ணீர் இப்போதுதான் தெளிந்திருக்கும். தெளிந்ததே என்று மகிழும் அந்த வாரத்திலேயே அடியில் பச்சையாக, நூல் நூலாக ஏதோ அசைவது தெரியும். இழைப்பாசி.

அதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கப் பார்க்கலாம். காலையில் தரையோடும் சுவரோடும் ஒட்டிக் கிடக்கும். வெயில் ஏற ஏற இழைகளுக்கு நடுவே பொடிப்பொடியாகக் குமிழ்கள் திரளும். ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும்போது பாசி வெளியிடும் ஆக்சிஜன் அது. உச்சிவேளைக்குள் அந்தக் குமிழ்களே பாசித் திரளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடும். பொழுது சாய்ந்தால் மறுபடி தாழும். கையில் எடுத்துப் பார்த்தால் சில இழைகள் வழவழவென்று நழுவும். அது பெரும்பாலும் ஸ்பைரோகைரா. பள்ளிக்கூட நுண்ணோக்கியில் சுருள் சுருளான பச்சை நாடாவாகப் பலரும் பார்த்திருப்பார்கள். விரலில் சொரசொரவென்று உராய்ந்தால் கிளாடோஃபோராவாக இருக்கலாம்.

இவ்வளவு பொறுமையாக யாரும் பார்ப்பதில்லை. பார்த்தவுடன் வருவது கோபம். மயில்துத்தம் கரைத்து ஊற்றச் சொல்வார்கள், ப்ளீச்சிங் பவுடர் தூவச் சொல்வார்கள். பாசி சாகத்தான் செய்யும். கூடவே மீனும் நத்தையும் சாகலாம். செத்த பாசி அடியில் படிந்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதோடு முடிவதில்லை. அழுகிய பாசிக்குள் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரசும் தண்ணீரிலேயே கரையும். அடுத்து வரும் பாசிக்கு அதுதான் சாப்பாடு. கோபத்தில் கொன்றது முழுவதும் குளத்துக்குள்ளேயே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல்.

நம் முன்னோர்கள் பாசியை நன்றாகப் பார்த்தவர்கள். குறுந்தொகையின் 399ஆம் பாட்டில் பரணர் ஊர்க்கேணியின் துறைப்பாசியைப் பெண்ணின் பசலைக்கு உவமை சொன்னார். காதலன் கை பட்டால் பசலை விலகுகிறது, கை எடுத்தால் பரவுகிறது. பல நூற்றாண்டுகள் கழித்து, 13ஆம் நூற்றாண்டில், அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் அதே பாசியை எடுத்தார். பாசி மூடிய குட்டையில் கல்லை எறிந்தால் அந்தக் கணம் தண்ணீர் தெரியும், பிறகு மூடிக்கொள்ளும். இறைவன் திருவடியை உணரும்போது உயிரை மூடியிருக்கும் மலம் என்ற அழுக்கு விலகுவதும், நினைவு நழுவியதும் திரும்ப வந்து நெருங்குவதும் அப்படித்தான் என்கிறார்.

இதைவிட நேர்மையான ஒரு வார்த்தையை ஆன்மிக நூல்களில் நான் படித்ததில்லை. செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில் படியேறி, தீபாராதனை பார்த்து நிற்கும்போது மனம் திறந்துகொள்கிறது. அது பொய்யில்லை. இறங்கி வந்து செருப்பை மாட்டும்போதே வீட்டுக் கணக்கும் பழைய மனத்தாங்கலும் வந்து மூடிக்கொள்கின்றன. அதுவும் பொய்யில்லை. நாம் உடனே இன்னும் பெரிய கல்லைத் தேடுகிறோம். பெரிய யாத்திரை, கடுமையான விரதம். கல் பெரிதானால் தெளிவின் வட்டமும் பெரிதாகும், ஆனால் தண்ணீரில் கரைந்திருப்பது கரைந்தபடியே இருக்கும்.

தோட்டக் குளத்தில் வேறொரு வேலை நடக்கிறது. மூங்கில் குச்சியின் நுனியைக் கொஞ்சம் பிளந்து, பாசிக்குள் விட்டு மெல்லத் திருக வேண்டும். இழைகள் தாமாகச் சுற்றிக்கொண்டு வரும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து, அறுந்த துண்டு ஒவ்வொன்றும் தனியாக வளரும். எடுத்ததை உடனே தூக்கிப் போடக் கூடாது. குளத்தின் விளிம்பில் தண்ணீர் தொடும்படி பரப்பிவிட்டுச் சற்றுக் காத்திருக்க வேண்டும். உள்ளே நத்தை இருக்கும், கண்ணும் வாலும் மட்டுமாகத் தெரியும் கப்பி மீன் குஞ்சுகள் இருக்கும். கொசுப் புழுவைத் தின்பதற்காக மும்பை மாநகராட்சியே நீர்நிலைகளில் விடும் மீன் அது. குட்டி போடும் இனம். பெரிய மீன்களே குஞ்சுகளைத் தின்றுவிடும் என்பதால் அவை பாசிக்குள்தான் ஒளிகின்றன. நாம் அழுக்கு என்று நினைத்த இடம் ஒரு பிரசவ அறையாக இருந்திருக்கிறது. துள்ளுவதையெல்லாம் தண்ணீரில் விட்டபின் மிஞ்சிய பாசியைக் கறிவேப்பிலைச் செடியின் அடியில் போட்டால் இரண்டு நாள் வெயிலில் காகிதமாகக் காய்ந்து மண்ணோடு போகும். தண்ணீரில் மிகையாகச் சேர்ந்திருந்த உரத்தைப் பாசி தன் உடம்பில் திரட்டி வைத்திருந்தது. கையால் எடுக்கும்போது அந்த மிகையும் சேர்ந்து வெளியேறுகிறது. பாசி இத்தனை நாளும் நமக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று அப்போது புரியும்.

அந்த மிகையைக் கொட்டியவர்கள் யார்? பெரும்பாலும் நாம்தான், அதுவும் அன்பினால்தான். "தாத்தா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று பேரப்பிள்ளை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை. மீன்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிப்பதே போதும். மற்றதெல்லாம் அடியில் சேர்ந்து பாசியாகத்தான் எழும்.

வால்கேஷ்வரில் பாணகங்கை இருக்கிறது. கடலுக்கு அவ்வளவு அருகிலும் நன்னீர் ஊறும் பழைய தீர்த்தம். மகாளய பட்சத்தில் அங்கே பித்ருக்களுக்காகப் பிண்டமும் அன்னமும் தண்ணீரில் சேர்கின்றன. அமாவாசை கழிந்த நாட்களில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தது ஒரு வருடம் மட்டும் நடந்ததல்ல. அழுகும் அன்னம் மீன்களின் மூச்சை எடுத்துக்கொள்கிறது. பிண்டம் வைத்தவரின் கண்ணீரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு பிடியில் முடிந்திருக்க வேண்டிய அர்ப்பணிப்பு கூடை கூடையாக ஆகும்போது, வாங்கிக்கொள்ளும் தண்ணீரின் சக்தியை யாரும் கேட்பதில்லை. பிள்ளைகளிடம் காட்டும் பாசத்திலும் இதே பிசகு நேர்கிறது.

மிகையும் போகவேண்டிய இடத்துக்குப் போனால் வேறாகிவிடும். தாராவியை ஒட்டி, மீட்டி ஆற்றின் கரையில், ஒரு காலத்தில் நகரத்தின் குப்பை மலையாகக் கிடந்த இடம் இன்று 37 ஏக்கர் மரக்காடு. மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா என்ற பெயரில் 1994இல் திறந்தார்கள். உள்ளே மழைநீர்க் குளம்கூட இருக்கிறது. நடந்து பாருங்கள், காலடியில் இருப்பது குப்பை என்பதே நினைவுக்கு வராது, அத்தனை நிழல்.

சித்தியார் எந்த மூலநூலுக்கு விரிவோ, அந்தச் சிவஞானபோதத்தின் ஒன்பதாம் சூத்திரத்தில் மெய்கண்டார் இறைவனைக் குளிர்ந்த நிழல் என்கிறார். அருணந்தியார் பாசியைச் சொல்வது அதற்கு முந்தைய எட்டாம் சூத்திர விரிவின் முடிவில். குளம் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டும் அடுத்தடுத்து வருவதில் வியப்பிருக்காது. அல்லியோ தாமரையோ தண்ணீர்ப் பரப்பில் பாதிக்குமேல் இலை விரித்துவிட்டால் பாசி தானாக அடங்கும். வெயில் கீழே இறங்காது, கரைந்திருக்கும் உரத்தை வேர் குடித்துக்கொள்ளும். யாரும் யாரையும் கொல்ல வேண்டியதில்லை. திருவடி நிழலில் நீங்காமல் தங்கியவர்கள் அதுவாகவே நிலைத்துவிடுவார்கள் என்று சொல்லும் அருணந்தியார், ஆசையோடு அங்குமிங்கும் அலைபவர்களைக் கைவிட்டுவிடவில்லை. அவர்களுக்காகத்தான் வழி சொல்லத் தொடங்குகிறார். அந்த வழி, சூத்திரம் விதித்த ஐந்தெழுத்தை எண்ணுவது. தினமும் செய்கிற, சின்ன, அலுக்காத வேலை.

அல்லிக் கிழங்கை நட்டால் அன்றே நிழல் வந்துவிடாது. தொட்டியில் களிமண் கட்டி, கிழங்கை ஊன்றி, மேலே கூழாங்கல் பரப்பித் தண்ணீருக்குள் இறக்கியபின் ஓர் இலை மேலே வரவே நாளாகும். அதுவரை காலையில் குச்சியோடு உட்கார வேண்டும். இலைகள் மூடிய பிறகும் வெயில் படும் சுவரோரத்தில் ஒரு பிடி இழை தங்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள், கப்பிக் குஞ்சுகளுக்கு அது வேண்டும்.