முகம் அறியாதவர்களைப் பணிந்த மன்னர்

பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அதே தூண் ஓரம். பக்கத்தில் ஒரு மாமி வந்து உட்காருவார். இவரைப் பார்த்துச் சிரிப்பார், இவரும் சிரிப்பார். ஆறு வருடமாக அவ்வளவுதான் பழக்கம்! திடீரென்று நான்கு பிரதோஷமாக மாமியைக் காணோம். உடம்புக்கு என்னவோ, வீட்டில் என்ன கஷ்டமோ... யாரிடம் விசாரிப்பது? பெயரே தெரியாதே!

சென்னையில் இருக்கும் ஒரு சகோதரி இதைச் சொல்லிக் கண் கலங்கினார். ‘ஒவ்வொரு தடவையும் பேசணும்னு நினைப்பேன். என்ன நினைச்சுப்பாங்களோன்னு கூச்சமா இருக்கும்’ என்றார்.

நம்மில் பலருக்கும் உள்ள சங்கடம்தான் இது. ‘நான் யாரிடமும் வலியப் போய்ப் பேச மாட்டேன்’ என்பதைப் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்கிறோம். அது அடக்கமா? வள்ளுவர் ‘நாணுடைமை’ என்று ஓர் அதிகாரமே வைத்தவர். அதன் முதல் குறளிலேயே, தகாத செயலுக்கு வெட்கப்படுவது வேறு, பெண்களின் இயல்பான கூச்சம் வேறு என்று பிரித்துவிடுகிறார். பக்கத்தில் இருப்பவரிடம் ‘சௌக்கியமா?’ என்று கேட்பது தகாத செயலா என்ன?

அந்தச் சகோதரியிடம் நான் தென்காசியைப் பற்றிச் சொன்னேன்.

உலகம்மை சமேத காசி விஸ்வநாதருக்கு அங்கே ஆலயம் எழுப்பியவர், 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பராக்கிரம பாண்டியர். கட்டி முடித்த மன்னர்கள் பொதுவாகத் தம் வெற்றிகளையும் கொடைகளையும்தான் கல்லில் வெட்டி வைப்பார்கள். இவரோ விண்ணப்பம் எழுதி வைத்தார். என்றேனும் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், அவரை உலகறிய வணங்குகிறேன் என்கிறது அவருடைய கல்வெட்டுப் பாடல்.

யோசித்துப் பாருங்கள்! முடி சூடிய மன்னர். யாரைப் பணிகிறார்? இன்னும் பிறக்காதவரை, குலமோ பெயரோ தெரியாதவரை. ‘ராஜா கெஞ்சுகிறாரே என்று நினைப்பார்களோ’ என்று அவர் கூசியிருந்தால்? தன் கோயிலுக்கும் குறை வரலாம் என்று ஒப்புக்கொள்ளவே ஒரு மனம் வேண்டும். எனக்கென்னவோ, நம் கூச்சத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. நம்மிடம் உள்ள குறை தெரிந்துவிடுமோ என்றுதானே வாய் திறக்கத் தயங்குகிறோம்!

மன்னர் பயந்தது போலவே குறையும் வந்தது. ராஜகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் பிளந்து நின்றது. யார் யாரோ கூடினார்கள், பொருள் கொடுத்தார்கள். 9 நிலைகளோடு கோபுரம் மீண்டும் எழுந்து, 1990-ல் கும்பாபிஷேகம் கண்டது. அவர் பணிந்தது இவர்களைத்தான்!

தென்காசி வரை போகிறவர்கள் பக்கத்திலேயே குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் தரிசிக்காமல் திரும்ப மாட்டார்கள். சீசனில் பேரருவியில் பெண்கள் பகுதியைக் கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் தலையில் அறையும் வேகத்தில் கால் தடுமாறும்போது, முன்பின் தெரியாத ஒரு கை நம் கையைப் பிடித்துக்கொள்ளும். ‘பயப்படாதீங்கக்கா, உள்ளே வாங்க’ என்று ஒரு குரல். அங்கே யாரும் யாரையும் அறிமுகம் செய்து வைப்பதில்லை. நனைந்த தலையும் ஒட்டிய புடவையுமாக, அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். கரையேறித் தலை துவட்டியதும் பழையபடி மௌனமாகிவிடுகிறோம் என்பதுதான் வேடிக்கை!

இதெல்லாம் கேட்டுவிட்டு அந்தச் சகோதரி ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து போன் வந்தது. கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் கேட்டாராம். மாமிக்கு முழங்காலில் ஆபரேஷன், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ‘அர்ச்சனைப் பிரசாதத்தோட அவங்க வாசல்லதான் நிக்கறேன். காலிங் பெல் அடிக்கக் கூச்சமா இருக்கு’ என்றார்.

‘அடிங்கம்மா’ என்றேன். போனிலேயே மணிச் சத்தம் கேட்டது.