மூச்சுக்காக எழும் இரைச்சல்

ஓசைகளுள் எது இனியது, எது இன்னாதது என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பு காதுக்கு மட்டும் உரியதன்று. ஓசை எதற்காக எழுகிறது என்பதை மனம் அறிந்திருக்குமாயின், காது பெரும்பாலும் மனத்தின் சொற்கேட்டு அடங்கிவிடும். ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் மாவட்டத்தில் உள்ள பெக்கான் நானாஸை எடுத்துக்கொள்ளலாம். அன்னாசியின் மலாய்ப் பெயரையே தன் பெயரில் தாங்கிய ஊர் அது. ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குச் செல்லும் கூட்டரசுச் சாலை அவ்வூர் வழியே ஓடுகிறது. லாரிகளின் உறுமல், விடியுமுன் எழும் பாங்கொலி, திருவிழாக் காலத்து மேளம், சீனப் புத்தாண்டுப் பட்டாசு ஆகிய எவையும் அங்குள்ளோரைத் திடுக்கிடச் செய்வதில்லை. ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு காரணம் உண்டு; அந்தக் காரணம் எல்லார்க்கும் தெரியும்.

காரணம் தெரியாத ஓசையே தொல்லையாகிறது. ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளில், அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து காலை ஐந்தரை மணிக்கு ஒரு மோட்டார் இரையத் தொடங்குகிறது எனக் கொள்வோம். கால் மணி நேரம் இரைந்து, சட்டென்று நின்று, சிறிது பொழுது கழிந்தபின் மீண்டும் இரைகிறது. மாலையிலும் அவ்வாறே. அடுத்த வீட்டார் அதைத் தண்ணீர்ப் பம்பு என்பர். ஏதோ சிறுதொழில் நடக்கிறது என்பர். ஒரு குழந்தை மூச்சு விடுவதற்கான ஏற்பாடு அது என்று எண்ணுவோர் அரியர்.

இழுப்பு நோயுள்ள பிள்ளையை மருந்தகத்துக்குத் தூக்கிச் சென்று ‘கேஸ்’ எடுத்து வருவது மலேசியத் தமிழர்க்குப் பழகிய செயல்தான். ‘கேஸ்’ என்று வழங்கினும் அது வாயு அன்று. மருந்து நீரின் மிக நுண்ணிய துளிகள். நெபுலைசர் என்னும் அக்கருவியின் மோட்டார் காற்றை அழுத்தி ஒரு குழாய் வழியே விரட்டுகிறது. சிறு துளை வழியே பாயும் அக்காற்று மருந்து நீரை மேலிழுத்துப் பனிபோல் சிதறடிக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் ஐந்து பங்குக்கு மேற்படாத அளவுள்ள துளிகளே நுரையீரலின் ஆழத்தை எட்டும். அவ்வளவு நுண்மையைப் படைப்பதற்கு அவ்வளவு முரட்டுத்தனமான மோட்டார் வேண்டியிருக்கிறது என்பது சற்று வேடிக்கைதான். அதன் இரைச்சல் 60 டெசிபலை ஒட்டியது. இருவர் எதிரெதிரே அமர்ந்து உரையாடும் ஓசைக்கு ஒப்பானது. ஆகவே அதன் அருகே உரையாட விரும்புவோர் அதைவிட உரக்கப் பேசியாக வேண்டும்.

இழுப்பு நோய்க்குப் பெரும்பாலும் உறிஞ்சுமருந்தும் அதனோடு பொருத்தும் நெகிழிக் கூடுமே இன்று போதும்; கருவி எப்போதாவதுதான் தேவைப்படும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நோயின் நிலை வேறு. உடலின் சுரப்புகள் நீர்த்தன்மை இழந்து பசைபோல் இறுகுவது இந்நோயின் இயல்பு. நுரையீரலின் சளி கெட்டியாகிக் கிருமிகளுக்கு உறைவிடமாகிறது. 1938-இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்னும் மருத்துவர் இதனைத் தனி நோயாக விளக்கினார். இதற்குக் காரணமான மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. 1950-களில்கூட இந்நோயுள்ள குழந்தைகள் பலர் பள்ளி செல்லும் வயதை எட்டவில்லை. ஐரோப்பிய வழியினரிடையே மிகுதியாகவும் ஆசிய மக்களிடையே அரிதாகவும் காணப்படுவதால், நம்மவர்க்கு இது வராது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. ஆயினும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளிலிருந்து இந்நோயுள்ள குழந்தைகளைப் பற்றிய ஆய்வுரைகள் வெளிவந்துள்ளன. மலேசியக் குழந்தைகளிடத்தும் இது கண்டறியப்பட்டுள்ளது. இவர்களுக்கு நெபுலைசர் நாள்தோறும் வேண்டும். சளியை இளக்கும் அடர் உப்புநீர், 1993-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோர்நேஸ் ஆல்ஃபா, சிலர்க்கு உயிரெதிர் மருந்து என ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்த வேண்டும். இடையே முதுகையும் மார்பையும் தட்டிச் சளியை வெளிக்கொணர வேண்டும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே கழிதல் இயல்பு. விடுமுறை நாளும் இதற்கு விலக்கன்று.

இங்கேதான் அறவினா எழுகிறது. ஒருவரின் மூச்சுக்காக எழும் இரைச்சல் மற்றவரின் உறக்கத்தையும் படிப்பையும் பேச்சையும் விழுங்கும்போது, யார் யாருக்குக் கடன்பட்டவர்?

உயிரைவிட உறக்கம் பெரிதா என்று கேட்டு இவ்வினாவை ஒரே வீச்சில் வெட்டி எறிவோர் உண்டு. உயிரே பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாழ்க்கை ஒவ்வொரு நாளும் உயிரையும் உறக்கத்தையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துக் காட்டுவதில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தந்தை விடியுமுன் எழ வேண்டியவர்; அவர் உறக்கம் குடும்பத்தின் வருவாய். எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் மூத்த மகளுக்கு மாலை எட்டு மணி என்பது மீளாத பொழுது. மாமியாருக்குக் காது மந்தம். மோட்டார் ஓடும்போது அவருக்கு எதுவுமே கேளாது. இவர்களின் இழப்புகள் சிறியவை, எனினும் உண்மையானவை. பெரிய தேவை ஒன்று வீட்டில் இருப்பதனால் சிறிய தேவைகள் இல்லாமற் போய்விடுவதில்லை. அவற்றை வாய்விட்டுச் சொல்லும் உரிமை மட்டுமே போய்விடுகிறது.

அன்பிருந்தால் இரைச்சல் கேளாது என்றும் சொல்லப்படுவதுண்டு. கேட்கத்தான் செய்யும். தாய்க்கும் தலை வலிக்கும். அன்பு செவியை அடைக்கும் பஞ்சன்று. இதனை மறைத்து, ‘எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை’ என்று வீட்டார் எல்லாரும் புன்முறுவலோடு ஓதும்போது, அதை நம்பாதவர் ஒருவர் அவ்வீட்டிலேயே உண்டு. நோயுற்ற பிள்ளைதான் அவர். மோட்டார் ஓடத் தொடங்கியதும் அக்காள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து செல்வதை அப்பிள்ளை பார்க்கிறது. தந்தை தலையணையைக் காதின்மேல் இழுத்துக்கொள்வதையும் பார்க்கிறது. ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனத்தின் பொருளை எட்டு வயதுக் குழந்தையும் படித்துவிடும்.

படித்தபின் அது என்ன செய்யும்? கோப்பையில் மருந்து சிறிது எஞ்சியிருக்கும்போதே ‘முடிந்துவிட்டது’ என்று கருவியை நிறுத்தும். விருந்தினர் வந்த நாளில், ‘இன்று வேண்டாம், மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது’ என்னும். இந்நோயில் ஒருநாள் தவறியது அன்றே தெரிவதில்லை. சளி மெல்ல மெல்லத் தேங்கும். நுரையீரல் இழந்த வலுவை மீண்டும் முழுமையாகப் பெறுவது அரிது. வீட்டார் காட்டிய பொறுமையே பிள்ளையைக் கடனாளியாக்கி, அந்தக் கடனைத் தன் மருந்திலிருந்து தீர்க்கச் செய்கிறது. பொறுமை நற்பண்புதான்; ஆனால் பொறுத்துக்கொள்கிறோம் என்பது பொறுக்கப்படுபவர்க்குத் தெரியும்படி அமையும் பொறுமை, நச்சரிப்பைக் காட்டிலும் மிகுதியாகப் புண்படுத்தக்கூடும்.

ஆகவே அக்கருவியைத் திட்டும் உரிமை வீட்டார்க்கு வேண்டும். இது விந்தையாகத் தோன்றலாம். ஆயின் திட்டப்படுவது யந்திரம், பிள்ளையன்று. ‘இந்த மோட்டார் என்ன கத்து கத்துகிறது!’ என்று தந்தை சொல்லலாம். பிள்ளையும் ‘ஆமாம் அப்பா, எனக்கும் காது அடைக்கிறது’ என்று சொல்லலாம். அந்த நொடியில் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் நிற்பது நெகிழிக் கூட்டுக்குள் துடிக்கும் ஒரு மோட்டார் மட்டுமே. மௌனம் நிலவும் வீட்டிலோ யந்திரமும் பிள்ளையும் ஒரு பக்கமாகவும் மற்றவர் மறுபக்கமாகவும் பிரிந்துவிடுகின்றனர். நோயாளியையும் நோய்க்கான கருவியையும் வேறு வேறாகப் பார்ப்பது எளிதன்று. நாள்தோறும் பழகியே அதைக் கற்க வேண்டும்.

குறை சொல்லும் உரிமை கிடைத்தால் குறையை நீக்கும் எண்ணமும் உடன் வரும். கருவியை வெறும் மரமேசைமேல் வைத்தால் மேசையே பறையாகி அதிரும். கீழே தடித்த ரப்பர் விரிப்போ மடித்த துண்டோ இட்டால் அதிர்வு தணியும். காற்றுப்புகும் துளைகள் மட்டும் மூடப்படலாகாது. அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் மோட்டார் சூடேறும். அடுத்த வீட்டோடு பகிர்ந்த சுவரைவிட்டு விலக்கி வைத்தல் நலம். வடிகட்டியில் அழுக்கடைந்தால் மோட்டார் திணறும். மாற்றினால் திணறல் நீங்கும். மாலைச் சிகிச்சையை எட்டு மணியிலிருந்து ஆறரை மணிக்கு மாற்ற இயலுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை; இயலாது என்று அவர் சொன்னால், தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கு அறையின் காரணமாவது தெரிந்திருக்கும்.

ஓசையற்ற கருவியும் உண்டு. நுண்துளைத் தகடு ஒன்றை அதிரச் செய்து மருந்தைப் பனியாக்கும் மெஷ் நெபுலைசர் ஏறக்குறைய ஓசையின்றி இயங்கும், நேரமும் குறையும். ஆயின் விலை மிகுதி. தகட்டை ஒவ்வொரு முறையும் கருத்தோடு தூய்மை செய்யாவிடில் அடைத்துக்கொள்ளும். எல்லா மருந்துக்கும் அது ஏற்றதன்று. மரபணுக் குறையின் விளைவையே திருத்தும் மூன்று மருந்துகளின் கூட்டு 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனைப் பெற்ற பலர்க்கு நெபுலைசரின் தேவை குறைந்திருக்கிறது. அறிமுகமானபோது அதன் ஆண்டு விலை மூன்று இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். நம்மவரிடையே காணப்படும் மரபணு மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் அது பயன்படுவதுமில்லை. தனி வீடும் தனி அறையும் விலையுயர்ந்த கருவியும் உள்ள குடும்பத்தில் இக்கட்டுரையின் வினாவே எழாமற் போகலாம். வரிசை வீட்டில்தான் அறம் இவ்வளவு உரக்கக் கேட்கிறது.

அயலார் செய்தி இன்னும் சிக்கலானது. காரணத்தைச் சொல்லிவிட்டால் அவர்கள் பொறுத்துக்கொள்வர், பெரும்பாலோர் நல்லவர்களே. 2013 ஜூன் மாதத்தில் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை ஜொகூரைச் சூழ்ந்து, மூவார், லேடாங் மாவட்டங்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது, மூச்சென்பது எவ்வளவு அரிய பொருள் என்பதை நலமுள்ளோரும் சில நாள் உணர்ந்தனர். அத்தகைய நாளில் சுவருக்கு அப்பால் ஒலிக்கும் நெபுலைசரைக் குறை கூற யார்க்கும் மனம் வாராது. ஆனால் சொல்வது எப்படி? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பரம்பரை வழி வருவது. தாய், தந்தை இருவரும் குறையுள்ள மரபணுவைத் தாங்கியிருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். அப்போதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. இருவர்க்கும் சம பங்குடைய இந்தக் குறைக்கு நம் சமூகத்தில் பழி பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகிறது. மாமன் மகள், அத்தை மகன் உறவில் நடந்த திருமணமாயின் இரு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையே மாறிவிடும். மூத்த மகளுக்கு நாளை வரன் பார்க்கும்போது, ‘அந்த வீட்டில் ஏதோ நோயாம்’ என்னும் ஒரு சொல் முன்னே நடந்து செல்லும். அக்குடும்பம் ஒளித்து வைக்க விரும்பும் செய்தியைத்தான் அந்த மோட்டார் நாளைக்கு இருமுறை ஊருக்கு ஒலிபரப்புகிறது.

ஓசையால் துன்புறுவோர்க்குக் காரணத்தை அறியும் உரிமை உண்டா? காரணம் இருக்கிறது என்பதை அறியும் உரிமை உண்டு. அது யாது என அறியும் உரிமை இல்லை. ‘பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் கருவி; காலையும் மாலையும் ஓடும்; சுவரைவிட்டுத் தள்ளி வைத்திருக்கிறோம்’ என்று சொன்னால் போதும். என்ன நோய், எத்தனை நாளாக, யார் வழியில் வந்தது என்று அடுத்த கேள்வியைக் கேளாமலிருப்பது அயலாரின் பங்கு. நம்மவர் இப்பங்கில் பெரும்பாலும் தோற்கின்றனர். பரிவினால் கேட்பதாகவே அவர்கள் எண்ணுகின்றனர் என்பதும் உண்மை.

இரைச்சலை மட்டுமே பேசும்போது அதன் மறுபக்கம் மறந்துபோகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் டயேன் ஓடெல் என்பவர் மூன்று வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ‘இரும்பு நுரையீரல்’ என்னும் உருளைக்குள் வாழ்ந்தார். அந்தப் பெரிய யந்திரத்தின் ஓசை அவ்வீட்டின் பகலிலும் இரவிலும் கலந்திருந்தது. 2008 மே மாதத்தில் மின்சாரம் தடைப்பட்டது. அவசர மின்னாக்கியும் இயங்கவில்லை. குடும்பத்தார் கையால் காற்றிறைக்க முயன்றும் அவரைக் காக்க இயலவில்லை. அவ்வீட்டார்க்கு அச்சம் தந்தது ஓசையன்று, ஓசை நின்றதுதான். நெபுலைசரின் நிலை அத்தகையதன்று; அது சிறிது நேரம் நின்றால் உயிர் உடனே போய்விடாது. ஆயினும் அக்கருவியோடு பல்லாண்டு வாழ்ந்த தாய்மார்க்கு, ஓட வேண்டிய நேரத்தில் அது ஓடாத வீடு அமைதியான வீடாகத் தோன்றுவதில்லை.

மலேசியத் தொலைக்காட்சியில் தமிழ்ப் படங்களுக்குக் கீழே மலாய் எழுத்துகள் ஓடும். கருவி இரையும் நேரத்தில் இத்தகைய வீட்டார்க்கு அவை கைகொடுக்கும்: தாய்மொழியில் பேசுவது கேளாமல், மலாயில் படித்துக் கதையைத் தொடர்கின்றனர். முகமூடி அணிந்த பிள்ளையும் பனிப்புகைக்கு ஊடே அதே எழுத்துகளைப் படித்துச் சிரிக்கிறது. மோட்டார் நின்றதும் படத்தின் ஓசை திடீரென்று அறையை நிறைக்கிறது; யாரேனும் ஒருவர் அதைக் குறைப்பதற்குத் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியைத் தேடுகிறார்.