துவைப்பது யார்?

குழந்தைக்குத் துணி டயப்பரே நல்லது என்பவள் நான். குப்பையும் செலவும் குறையும். ஆனால் எந்தத் துணி? மூங்கில் விஸ்கோஸ் அதிக ஈரம் தாங்கும், காய நேரமாகும். மைக்ரோஃபைபர் சட்டென்று உறிஞ்சும், அழுத்தினால் கசியும். பழைய பருத்தி வேட்டி விரைவில் காயும். அடிக்கடி மாற்ற வேண்டும். எதைத் தேர்ந்தாலும் அது ஒருவரின் வேலைநேரத்தையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

துணி டயப்பரின் சூழல் நன்மை, துவைத்து உலர்த்தும் விதத்தைப் பொறுத்தது என்றது பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2008ஆம் ஆண்டு ஆய்வு. இயந்திரத்தில் உலர்த்துவதைவிடக் கொடியில் காயப்போடுவதே மேல். அந்தக் கார்பன் கணக்கில் மின்சாரம் உண்டு. அலசிப் பிழிந்து கொடியில் போடும் கைகளின் உழைப்பு இல்லை. பூமிக்கான அறம் ஒருத்தியின் முதுகில் மட்டும் ஏறினால் அது பாதி அறம்தான். துணியைத் தேர்ந்தெடுக்கும் அன்றே, அப்பா எந்தெந்த நாள் துவைப்பார் என்பதையும் முடிவுசெய்ய வேண்டும்.