கேட்காமல் எடுத்த முகங்கள்

பொது இடத்தில் நிற்கும் ஒரு பெண்ணைப் படமெடுக்க அவளைக் கேட்க வேண்டுமா? வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். “தெருவுல நின்னா நாலு பேர் பாக்கத்தானே செய்வாங்க மேடம்” என்பதுதான் முதலில் வரும் பதில். பார்ப்பதும் படமெடுப்பதும் ஒன்றே என்று அந்தப் பதில் வைத்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதே என் வாதம்.

புதுச்சேரியில் வாழ்கிறவர்களுக்கு இது அன்றாடக் கேள்வி. சனி, ஞாயிறுகளில் கடற்கரைச் சாலையில் நடக்கவே இடமிருக்காது. ரோமன் ரோலண்டு வீதியின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் வெளியூர்க்காரர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். வாசலில் கோலம் போடக் குனிந்தவள், பெரிய மார்க்கெட்டில் மீன் அரியும் அக்கா, கடலோரப் பாறையில் உட்கார்ந்து பேசும் கல்லூரிப் பெண்கள், எல்லோரும் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் செல்போனுக்குள் போய்ச் சேர்கிறார்கள்.

தமிழில் படம் ‘எடுக்கிறோம்’, படம் ‘பிடிக்கிறோம்’. எடுத்தால் ஒன்று கைமாறுகிறது; பிடித்தால் ஒன்று அகப்படுகிறது. பார்வையில் இது இல்லை. ஒருவன் என்னைப் பார்த்தால் நானும் அவனைப் பார்க்கலாம், முறைக்கலாம், எழுந்து போய்விடலாம். நான் போனதும் அந்தப் பார்வை முடிந்தது. படம் முடிவதில்லை. யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாத இடங்களுக்கெல்லாம் அது போகும். அங்கே நான் யாரையும் திருப்பிப் பார்க்க முடியாது. கண் பட்டால் சுற்றிப்போட நம் பாட்டிகளிடம் உப்பும் மிளகாயும் இருந்தன. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்றும் அவர்கள் பயந்தார்கள். ஆயுசு குறையவில்லை. ஆனால் தங்களிடமிருந்து ஏதோ ஒன்று கைவிட்டுப் போகிறது என்று அவர்கள் உணர்ந்தது சரிதான்.

இந்த வட்டாரத்துக்கு இது பழைய கதை. 1838இல் புதுச்சேரியை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகளின் குழு ஒன்றைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஒப்பந்தம் போட்டுப் பாரிஸுக்கு அழைத்துப் போனார். பாரிஸின் எழுத்தாளர்கள் அவர்களுடைய நடனத்தோடு நிற்காமல் நிறம், கண், மூக்குத்தி என்று அங்கம் அங்கமாக எழுதித் தீர்த்தார்கள். அமானி என்று அவர்கள் குறித்துவைத்த இளம்பெண்ணை ழான் ஒகுஸ்த் பார் என்ற சிற்பி வெண்கலத்தில் வடித்தார். அடுத்த ஆண்டு அதே பாரிஸில் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பின்னால் வந்த காலனிய அஞ்சலட்டைகளிலும் நம் பெண்கள் இருக்கிறார்கள். படத்தின் கீழே தொழிலோ சாதியோ அச்சாகியிருக்கும்; பெயர் இருக்காது. இன்று ஒரு பயணி மீன்காரப் பெண்ணின் முகத்தை இன்ஸ்டாகிராமில் ஏற்றி, பாண்டியின் வண்ணங்கள் என்று எழுதும்போது அந்த அட்டைதான் மறுபடியும் அச்சாகிறது.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து படித்தாள். ஒரு மாலை கடற்கரையில் வகுப்புத் தோழனோடு உட்கார்ந்து சுண்டல் தின்றாள். யாரோ கடலை எடுத்த வீடியோவின் ஓரத்தில் நான்கு வினாடி அவள் முகம் இருந்தது. அது கைமாறிக் கைமாறி அவள் ஊர் வாட்ஸப் குழுவுக்கு வந்தது. அடுத்த வாரம் அவள் கல்லூரிக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. அந்தப் பையன் மூன்றாம் ஆண்டை முடித்துப் பட்டம் வாங்கிவிட்டான். படிப்பை நிறுத்தியது வீடும் சாதியும்தான். வீடியோ எடுத்தவர் அல்ல. ஆனால் இந்த நாட்டில் ஒரு பெண்ணின் முகம் அவளுக்குத் தெரியாமல் வெளியே போனால் அதற்கான விலையை அவளே கொடுக்கிறாள் என்பது படமெடுக்கும் எவருக்கும் தெரியாத செய்தியல்ல.

சட்டம் இங்கே பாதி வழிதான் வருகிறது. 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி பிரிவு சேர்ந்தது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. தன்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பெண் நம்பக்கூடிய அந்தரங்கச் சூழலில் அவளைப் படமெடுப்பது குற்றம். கடற்கரையில் சுண்டல் தின்பது அதில் வராது. எனினும் அந்தப் பிரிவின் விளக்கத்தில் நாம் எடுத்துக்கொள்ள ஒரு கருத்து இருக்கிறது: எடுக்கச் சம்மதித்தவள் பரப்பச் சம்மதித்தவள் ஆகமாட்டாள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தந்த தீர்ப்பும் துணைக்கு வருகிறது. பொது இடத்துக்கு வந்ததாலேயே ஒருவரின் அந்தரங்கம் போய்விடாது, அது இடத்தோடு அல்ல, மனிதரோடு ஒட்டியது என்று அத்தீர்ப்பு பேசுகிறது.

பிரான்சில் இந்த உரிமையின் தொடக்கமே ஒரு பெண்ணின் முகம்தான். 1858இல் நடிகை ராஷேல் இறந்தபோது, குடும்பத்துக்காக எடுத்த மரணப்படுக்கைப் படத்தைப் பார்த்து வரைந்த ஓவியம் விற்பனைக்கு வந்தது. குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் அதை வெளியிடக் கூடாது என்று பாரிஸ் நீதிமன்றம் தடுத்தது. தனிவாழ்வுக்கான உரிமை அங்கே சிவில் சட்டத்தின் 9ஆம் பிரிவாக எழுதப்பட்டது 1970இல். 1954இல் ஆட்சியைக் கைமாற்றி, 1962இல் சட்டப்படியும் புதுச்சேரியை ஒப்படைத்துவிட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு. தெருப் பெயர்ப் பலகைகள் நம்மிடம் தங்கின. அந்தப் பிரிவு வரவில்லை.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லோரையும் கேட்டுத்தான் எடுப்பதென்றால் போராட்டத்தையும் போலீஸ் தடியடியையும் யார் பதிவு செய்வது என்பது முதலாவது. நியாயமான கேள்வி. பொது இடத்தில் அதிகாரத்தைச் செலுத்துகிறவர் அந்தச் செயலுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். அவரைக் கேட்க வேண்டியதில்லை. கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண் யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது மறுப்பை வீட்டில் கேட்டிருப்பீர்கள்: “இவ்வளவு பயம் இருந்தா வெளிய போவாதே.” பெண்களை உள்ளே தள்ள இதைவிட வசதியான வாதம் கிடையாது. அதனால்தான் பாரம் எடுக்கிறவர் மேல் இருக்க வேண்டும் என்கிறேன். முகத்தை மூடிக்கொள்வது அவள் வேலையல்ல. கேமராவைத் தாழ்த்துவது அவர் வேலை.

கேட்டால் இயல்பு போய்விடும் என்பார்கள். போகட்டும். போவது ஒரு படம். கேட்பதிலும் கவனம் வேண்டும். கையில் கத்தி, எதிரே பேரம் பேசும் ஆள், அப்போது “அக்கா, ஒரு போட்டோ” என்றால் அவர் சிரிப்பது சம்மதமாக இருக்கலாம், உங்களைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் வழியாகவும் இருக்கலாம். வியாபாரம் ஓயட்டும். வேண்டாமென்றால் காரணம் கேட்காதீர்கள். குளிப்பவர், தூங்குபவர், அழுபவர், யாருமற்று நிற்கும் குழந்தை, இவர்களை எடுக்காதீர்கள். கூட்டத்தை எடுத்தால் ஏற்றுவதற்கு முன் ஓரத்தில் இருக்கும் முகங்களையும் பாருங்கள். ஏற்றுவதற்குத் தனியாகக் கேளுங்கள். அழிக்கச் சொன்னால் அவர் கண்முன் அழியுங்கள்.

மார்க்கெட்டில் நான் மீன் வாங்கும் அக்காவிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். அவர் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே கேட்டார்: “எத்தினியோ பேரு எடுத்தாங்க. எடுத்தத எங்கிட்ட ஒருத்தராவது காட்டினாங்களா?”