குலுக்கலில் கிடைக்கும் பள்ளி

எல்கேஜி இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல். பெயர் வந்த குழந்தைக்கு மெட்ரிக் பள்ளி, வராத குழந்தைக்கு அதே தெருவிலுள்ள மாநகராட்சிப் பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறையாவது இப்படித்தான். 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த இச்சட்டப்படி, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலான தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். கட்டணத்தை அரசு கொடுக்கும். ஒரு குழந்தைக்கு எந்தப் பள்ளி என்பதை அரசு சீட்டெடுத்துத் தீர்மானிப்பது அறமா?

ஆம் என்போரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சீட்டுக்குச் சாதி தெரியாது, சிபாரிசும் தெரியாது. வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று 1966-லேயே கோத்தாரி கல்விக் குழு சொன்னது. அது நடக்காத நாட்டில், மருத்துவர் மகளும் தூய்மைப் பணியாளர் மகனும் ஒரே பெஞ்சில் உட்காரக் கிடைத்த அபூர்வமான வழி இது. 2012-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது நல்ல காரியம்.

ஆனால் குலுக்கலுக்கு முன்பே பலர் கழிந்துவிடுகிறார்கள். பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, ஆன்லைன் விண்ணப்பம் என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்தால் அன்றைய கூலி போய்விடும். கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போகும் குடும்பம் எந்த முகவரியைக் காட்டும்? ஏழைகளுக்குள்ளேயே கொஞ்சம் விவரம் தெரிந்த பெற்றோர்தான் குலுக்கல் வரை வந்து சேர்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் இருந்திருந்தால், கழிப்பறையில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து கேட்டிருப்பவர்களும் இவர்கள்தான். கேள்வி கேட்கக்கூடியவர்களை அரசே பணம் கட்டி வெளியே அனுப்புகிறது.

இடம் கிடைத்த பிள்ளைக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் அக்காவுக்குக் காலை உணவு உண்டு, மதியம் முட்டையோடு சாப்பாடும் உண்டு. மெட்ரிக் பள்ளிக்குப் போகும் தம்பியின் டிபன் பாக்ஸை அம்மாதான் நிரப்ப வேண்டும்; வேன் கட்டணமும் அவள் தலையில். எட்டாம் வகுப்போடு சட்டம் கைவிட்டுவிடும். பத்து ஆண்டுகள் ஒரே பள்ளியில் வளர்ந்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணத்தைக் கட்ட வேண்டும், முடியாவிட்டால் டிசி வாங்க வேண்டும். தான் யார் என்று நண்பர்களோடு சேர்ந்து கண்டறியும் வயதில், அவர்களுக்கும் தனக்கும் நடுவே இருப்பது பணம் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய கொடுமை இதுதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்க மனமில்லாத அரசு, எல்கேஜியில் அந்த ஆசையைக் காட்டியிருக்கக் கூடாது. அந்த எல்கேஜி இடம்கூட உறுதியில்லை: 2025-ல் ஒன்றிய அரசும் மாநில அரசும் நிதிக்காக மல்லுக்கட்டியதில் சேர்க்கையே அக்டோபருக்குத் தள்ளிப்போனது.

அப்படியானால் இந்த ஒதுக்கீட்டை எடுத்துவிடலாமா? அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளியில் இந்த இடம் கிடையாது என்று 2019-ல் கர்நாடகம் விதியை மாற்றியது. அரசுப் பள்ளியைக் காக்கும் முடிவுபோலத் தெரியும். ஆனால் காசுள்ளவர் தனியார் பள்ளிக்குப் போவதை அந்த விதி தொடவே இல்லை. அரசுப் பள்ளியைத் தாங்கும் பொறுப்பை ஏழைப் பெற்றோர் மீது மட்டும் ஏற்றுவது நியாயமாகாது.

2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்தப் பொறுப்பை உரியவர்களிடம் கொடுத்துப் பார்த்தது. அரசுச் சம்பளம் வாங்குவோரும் மக்கள் பிரதிநிதிகளும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க வேண்டும், அப்போதுதான் அந்தப் பள்ளிகள் திருந்தும் என்றது. உத்தரப் பிரதேசத்தில் அது நடைமுறைக்கு வரவில்லை. வேறெந்த மாநிலமும் அதைத் தானாக முன்வந்து செய்யவும் இல்லை.