கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது

இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே, கண்டலமக் குளத்தை நோக்கிய பாறைச் சரிவில் ஒரு ஹோட்டல் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது; 1990களின் நடுப்பகுதியில் திறக்கப்பட்டது. பாறையை வெட்டிச் சமன்படுத்தாமல் தூண்கள்மேல் கட்டடத்தை நிறுத்தினார் அவர். கூரையில் மண் பரப்பிச் செடிகளை வளர்த்தார். முகப்பு முழுவதும் கொடி படர விட்டார். இன்று அது சூழல் சுற்றுலாவின் முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. ஆனால் 1992-இல் பௌத்த பிக்குகளும் ஊர் மக்களும் சூழலியலாளர்களும் திரண்டு எதிர்த்ததும் இதே கட்டடத்தைத்தான். குளத்து நீர் மாசுபடும், தம்புள்ளைக் குகைக்கோயிலின் புனிதச் சூழல் கெடும் என்பது அவர்களின் அச்சம். இரு தரப்பும் இயற்கையின் பெயராலேயே பேசின. அப்படியானால், ஒரு கட்டடம் இயற்கையோடு இசைந்திருக்கிறது என்று எதைக் கொண்டு முடிவு செய்வது?

இந்தக் கேள்விக்குப் பௌத்தப் பிக்குகளின் ஒழுக்க விதித் தொகுப்பான விநய பிடகத்தில் வியப்பூட்டும் அளவுக்கு நடைமுறை சார்ந்த பதில் இருக்கிறது. ஆளவி என்ற ஊரின் பிக்குகள் தங்களுக்குக் குடில் கட்டிக்கொள்ள ஆளும் பொருளும் கேட்டு மக்களை ஓயாமல் நச்சரித்தார்கள்; தூரத்தில் பசுவைக் கண்டால்கூடப் பிக்குவோ என்று மக்கள் ஓடினார்களாம். அதன்பின் பிறந்த விதி, குடிலின் அளவை நீளம் 12 சாண், அகலம் 7 சாண் என்று வரையறுத்தது. அத்துடன், சங்கத்தார் நேரில் வந்து இடத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். எறும்பு, கரையான், பாம்பு முதல் யானை வரை எதன் வாழிடமாகவும் அது இருக்கக் கூடாது. பயிர் நிலத்தை ஒட்டியும் இருக்கக் கூடாது. சுற்றிலும் ஒரு வண்டி போய்வர இடம் விட வேண்டும். கட்டடம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை இந்த விதி பொருட்படுத்தவில்லை. அங்கே ஏற்கெனவே வாழ்வது யார் என்பதைத்தான் முதலில் கேட்கிறது.

துறவிகளுக்கான விதியை முதலீட்டாளர்மேல் சுமத்தலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான விடை அடுத்த விதியிலேயே கிடைக்கிறது. புரவலர் ஒருவரின் செலவில் கட்டும் பெரிய விகாரைக்கு அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் இடச் சோதனையிலிருந்து விலக்கும் இல்லை. சன்னர் என்ற பிக்கு, ஊரார் வணங்கிவந்த மரத்தை விகாரைக்காக வெட்டச் செய்தபோது மக்கள் கொதித்தார்கள். அந்தக் கண்டனத்திலிருந்து பிறந்ததே இந்த விதி. பணம் இருந்தால் பெரிதாகக் கட்டலாம். அந்தப் பணம் இடத்தின்மேல் உரிமை தந்துவிடாது. இரண்டு விதிகளும் இல்லறத்தார் பட்ட இன்னலால் வந்தவை என்பதால், மடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஒழுக்கம் என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது.

கண்டலமவில் விளைவு நன்றாகத்தானே அமைந்தது, எதிர்த்தவர்களின் அச்சம் வீண்தானே என்ற மறுப்பு இன்னும் வலுவானது. பாவாவின் திறமையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மேதையின் வெற்றி பொது விதி ஆகாது. அவரைப் பார்த்துக் கட்டுகிறவர்களுக்குக் கூரைத் தோட்டம் எளிதில் கைவரும். பாறையைத் தொடாமல் விடும் அடக்கம் அப்படி வராது. தவிர, விருந்தினரின் கண்ணுக்கு இசைவாகத் தெரிவது, குளத்து நீரைப் பயன்படுத்துகிறவருக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. சுற்றுலா வருமானம் இல்லாவிட்டால் காடு வேறு வழியில் அழியும் என்பதும் பல இடங்களில் உண்மை. கட்டுவதற்கு அது ஒரு காரணமாகலாம். கேட்காமல் கட்டுவதற்குக் காரணமாகாது.

ஆகவே இசைவு என்பது கட்டி முடித்தபின் சூட்டிக்கொள்ளும் பட்டம் ஆகாது. அடித்தளம் தோண்டுமுன் பெற வேண்டிய ஒப்புதல் அது. காட்டுக்குள் அறை பதிவு செய்கிறவர்கள் பசுமைச் சான்றிதழைத் தேடுமுன், அந்த இடத்தில் முன்பு யார் வாழ்ந்தார்கள், அவர்களிடம் யார் கேட்டார்கள் என்று விசாரிக்கட்டும். பதில் சொல்லத் தயங்கும் விடுதி, சுவரெல்லாம் கொடி படர்ந்திருந்தாலும், இயற்கைக்கு அயலானதே.